ஒன்பது ஸ்டூல்களும் ‘இன்எவிட்டபிள்’ என்ற சொல்லும்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் அலுவலக உதவியாளராக இருக்கிறேன். ஆங்கிலத்தில் வரும் மெயில்களை முதலாளி அண்ணாச்சிக்கு விளக்குவதும், ஊழியர்களுக்கான நோட்டீஸைத் தமிழில் அடிப்பதும் என் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய வாரமே தீபாவளி சீசன் தொடங்கிவிட்டது. மகளைக் காப்பகத்தில் விட்டு வந்த பிறகும், பால் புட்டியை வைத்தேனா என்ற சந்தேகம் மதியம்வரை போகாது.

அப்போது, அண்ணாச்சி கடைக்காக அமர்த்தியிருந்த ஆலோசகரிடமிருந்து மெயில் வந்தது. வாடிக்கையாளர் கூட்டம் நடந்துபோக வழி வேண்டுமாம். விற்பனைப் பெண்கள் உட்காரும் ஒன்பது ஸ்டூல்களையும் எடுப்பது ‘இன்எவிட்டபிள்’. ‘தவிர்க்க முடியாதது’ என்று அடித்து, வருகைப் பதிவேட்டுக்கு மேலே ஒட்டப் போனேன்.

பட்டுப் பிரிவு செல்வி அங்கே நின்றிருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். நோட்டீஸை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

“யாரால தவிர்க்க முடியாதாம்க்கா? நா உக்காந்தா யாருக்கு இன்னா ஆவுது?”

நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒட்டாமல் மேசைக்குத் திரும்பி, போனில் அந்தச் சொல்லைத் தேடினேன். லத்தீனிலிருந்து வந்ததாம். விலகிப் போவதைக் குறிக்கும் ஒரு வினைச்சொல், அதற்கு முன்னால் ‘இல்லை’ என்று பொருள்தரும் ‘இன்’. விலக வழியில்லாதது. உதாரணமாக மரணத்தைச் சொல்லியிருந்தார்கள். நான் போட்ட தமிழ் சரிதான். பிறகு ஏன் தப்புச் செய்ததுபோல் இருக்கிறது என்று விளங்கவில்லை. இதில் தலையிடுவது என் வேலையா என்பதும் விளங்கவில்லை.

ஆனாலும் அண்ணாச்சியிடம் போனேன். விலகிப் பார்த்தும் முடியாததற்குத்தான் இந்தச் சொல் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“படிச்சவரு எழுதியிருக்காரு. நீ அதை மாத்திச் சொல்லுதியாம்மா?”

“இல்ல அண்ணாச்சி. நாம இன்னும் எதுவும் செஞ்சு பாக்கலையே.”

“அப்ப வேற மாதிரி எழுதிக் கொண்டா.”

வேறு மாதிரி என்றால் எப்படி? மூன்று காகிதம் கிழித்தேன். கடைசியில் நடக்கப்போவதை அப்படியே அடித்தேன்: ‘விற்பனைப் பெண்கள் உட்காரும் ஸ்டூல்களை எடுக்க நான் முடிவு செய்திருக்கிறேன்.’ கீழே அவர் பெயர்.

அண்ணாச்சி பேனாவைத் திறந்தார். படித்தார். மூடினார்.

“இது என்னம்மா, நானே அந்தப் பிள்ளைகளை நிக்க வைக்கிற மாதிரில்லா இருக்கு?”

 வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் கீழே இறங்கிப் போனார். தூணருகே அடுக்கியிருந்த காலி அட்டைப்பெட்டிகளைக் குடோனுக்கு அனுப்பச் சொன்னார். ஸ்டூல்களைக் கவுண்டருக்குள் தள்ளிப் போட வைத்தார். ஒன்பதும் தங்கின.

நான் செய்தது சரியா என்று இன்றும் குழப்பம்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். தவிர்க்க முடியாது என்று அடிக்கச் சொன்னால், முதலில் யார் முடிவு செய்தார் என்று அடித்து, கையெழுத்துக்கு நீட்டிப் பாருங்கள்.