சி டிரைவில் தூர் வாரிய கதை

மகள் பிறந்து ஐந்து மாதமாகியும் அவள் அப்பா அவளைப் பார்க்கவில்லை. அவருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் நாலு மணிக்கு அங்கே ஒரு நெட் கடையில் கேமரா முன்னால் வந்து உட்காருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேமராவுக்கான சாஃப்ட்வேரை ஏற்றியாக வேண்டும். பூதலூரில் எங்களிடம் இருந்ததோ, அவர் டிப்ளமோ படித்தபோது வாங்கிய கிழட்டுப் பெட்டி. சி டிரைவில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டது.

"ஃபார்மட் அடிச்சிடுவோம் அண்ணி, எல்லாம் சரியாயிடும்" என்றான் என் கொழுந்தன்.

சரியாகுமாம்! எங்கள் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன.

"நீ சினிமாப் பாட்டா அடைச்சு வச்சிட்டு என் கல்யாணத்த அழிப்பியா?" என்று சத்தம் போட்டேன்.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேண்டாத சினிமாப் பாட்டையெல்லாம் கேட்டுக் கேட்டு அழித்தேன். அரைநாள் போயிற்று. இடம் மட்டும் துளிகூடக் கூடவில்லை.

"அப்பவே சொன்னேன்ல?" என்று சிரித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் திரையோரத்துக் குப்பைக்கூடைப் படம் கண்ணில் பட்டது. காலையில் காலியாக இருந்த கூடையில் இப்போது காகிதம் பிதுங்கியது. திறந்தால், அழித்த பாட்டு பூராவும் உள்ளே! அடப்பாவி, இது எங்கள் வாய்க்காலில் தூர் வாருகிறவர்கள் பண்ணுகிற அதே வேலையல்லவா? சேற்றை அள்ளிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள். முதல் மழைக்கே அது திரும்ப உள்ளே வந்துவிடும். வாய்க்காலோரம் நிலம் வைத்திருக்கிறவளுக்கு இது தெரியாதா?

"வாரினா மட்டும் போதாது தம்பி. கரைய விட்டு வெளியேத்தணும்" என்று சொல்லிக்கொண்டே கூடையைக் காலி செய்தேன். சாஃப்ட்வேர் ஜம்மென்று ஏறியது. நாத்து நட்ட கையால் இதையும் செய்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் முகம் கட்டம் கட்டமாகத் திரையில் தெளிந்து வந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னால் குனிந்தேன்; அவரோ எதையோ தேடுகிற மாதிரி திரையையே உற்றுப் பார்த்தார்.

"என்னங்க, பேசுங்களேன். நேரம் போவுது" என்றேன்.

"அண்ணிதான் எல்லாத்தையும் அழிச்சு இடம் பண்ணாங்க" என்று கொழுந்தன் பெருமையாக எடுத்துக் கொடுத்தான். அவர் காதில் அது ஏறவேயில்லை.

"நீ கொஞ்சம் தள்ளிக்க" என்றார். "புள்ள தெரியல."

இடம் பண்ணிக் கொடுத்தவளையே தள்ளச் சொல்கிறீர்களா என்று நாக்கு நுனிவரை வந்தது. நகர்ந்துகொண்டு, முழுசாகத் தெரியட்டும் என்று மகளைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.