டீசல் கார் வாங்கிய குளிர்காலம்

அந்த டிசம்பர் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே சண்டை. டீசல் காரா, பெட்ரோல் காரா? எண்பதுகளின் தொடக்கம் அது. பெட்ரோல் விலை ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்துவிட்டு என் கணவரின் ஆபீசில் ஆளாளுக்கு டீசல் புராணம் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குப் பாடினார்.

எனக்கு வேண்டியது வேறு. எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. குளிர் வந்தால் அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும், அதுவும் விடிகிற நேரத்தில். டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அந்த நேரத்துப் பனிமூட்டத்தில் ஒரு ஸ்கூட்டர் ரிக்‌ஷாகூடக் கிடைக்காது. இவரோ பாதி நாள் டூரில் இருப்பார். அதனால்தான் நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தேன். சாவியைத் திருப்பினால் கிளம்புகிற, நானே ஓட்டக்கூடிய ஒரு சின்ன பெட்ரோல் கார். அவ்வளவுதான் நான் கேட்டது.

"பெட்ரோல் போட்டே போண்டி ஆயிடுவோம்டி," என்றார்.

"குளிர்ல டீசல் லேசுல கிளம்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

"யாரு எல்லாரும்? உன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரா?"

பார்க்கப் போன கார் பெரியது, பழையது, டீசல் இன்ஜின் மாற்றிப் பொருத்தியது. விற்கிறவர் எங்களை வாசலிலேயே வரவேற்று, உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். உடனே கிளம்பியது. இவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு! நான் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

"ஏங்க, நாம வர்றதுக்கு முன்னாடியே ஓடவிட்டுச் சூடாக்கி வச்சிருக்காருங்க," என்றேன் தமிழில்.

"வெயில்ல நின்ன வண்டி சுடாதா?"

டெல்லியின் டிசம்பர் வெயிலில் ஒரு அப்பளம் காயாது. நாளைக்கு விடியற்காலை வந்து, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது கிளப்பிப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அச்சா பையா, பக்கா" என்று விற்கிறவரோடு கைகுலுக்கி வியாபாரத்தை முடித்துவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியில் நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேனே என்றதற்கு, "இது லாரி மாதிரி, உனக்கெல்லாம் சரிப்படாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரியில், இன்னும் சரியாக விடியாத ஒரு காலையில் இழுப்பு வந்தது. நல்லவேளை அவர் ஊரில் இருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மகளுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. உதட்டில் நீலம் தெரிந்தது. கம்பளியில் சுற்றிப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தேன். டெல்லியில் பிறந்த பிள்ளை, அவசரம் என்றால் ஹிந்திதான் வரும். "அம்மா... ஜல்தி..." என்றாள். அதற்கு மேல் பேச அவளிடம் மூச்சு இல்லை.

இவர் இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பொத்தானை அமுக்கிக் காத்திருந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் முக்கியது, கிளம்பவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும். பாட்டரி ஓய்ந்துபோய்க் கடைசியில் 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் அவள் மூச்சு விசிலடித்தது.

நான் இறங்கித் தள்ளினேன். அசைந்தால்தானே! எதிரே பால் பூத் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "பையா, தக்கா லகாவோ!" என்று தள்ளிவிடச் சொல்லிக் கத்தினேன். இரண்டு பேர் பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். அப்போதும் வேகம் பிடிக்கவில்லை. இவர் கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"நீ உட்காரு. நான் தள்றேன்."

எனக்குச் சரிப்படாத அந்த லாரியில் உட்கார்ந்தேன். சீட்டின் நுனிக்கு வந்தால்தான் கிளட்சுக்குக் கால் எட்டியது. இரண்டாவது கியரைப் போட்டு, மூன்று பேரும் தள்ளிய வேகத்தில் கிளட்சை விட்டேன். ஒரு தூக்குத் தூக்கிப் போட்டு, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அவர் ஏறிக்கொள்ளட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். இன்ஜின் நடுங்கி இருமியது.

"நிறுத்தாதே! நிறுத்தினா அணைஞ்சிடும்! போ! போடி!"

போனேன். லுங்கியும் ஸ்வெட்டருமாக அவர் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தது கண்ணாடியில் தெரிந்தது. பிறகு பனியில் காணாமல் போனார். முன்னால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். ஒரு சிக்னலில் சிவப்பு எரிந்தது, கடவுளே என்று சொல்லிக்கொண்டு தாண்டினேன். பின்னால் விசில் சத்தம் கேட்கிறவரை உயிர் இருக்கிறது. அது தேய்ந்தபோதெல்லாம் "பாப்பா! பாப்பா!" என்று அலறினேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் மூச்சு இளகியது. அவள் கண்ணயர்ந்தாள்.

இவர் யாருடைய சைக்கிளிலோ வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்தார், அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மெதுவாக, "வண்டி வெளியில ஓடிட்டு இருக்கே, ஆஃப் பண்ணலையா?" என்றார்.

"எப்படி ஆஃப் பண்றது? இவளுக்கு இங்க முடியாதுன்னு வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தா, தள்றதுக்கு யாரு இருக்கா?"

எழுந்து போனார். வாசலில் அந்தச் சத்தம் நின்றது. திரும்பி வந்து சாவியை என் மடியில் வைத்தார். "இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்."

எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"பெட்ரோல் கார் சாவி கொண்டாங்க, வாங்கிக்கறேன்."