யார் தலைமேல் காஸ் லைட்

நான் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்குகளைச் சேர்க்க ஆரம்பித்தது என் கணவருக்குப் பெரிய வேடிக்கை. "அவங்கவங்க பொடவ சேக்குறாங்க, நீ இன்னாடான்னா காயலான் கடைய வூட்டுக்கு எடுத்தாந்துகினு கீற" என்பார். கல்பாக்கத்தில் எனக்கு அலுவலக வேலை. சனி ஞாயிறுகளில் கை சும்மா இருக்காது.

முதல் விளக்கை மாமல்லபுரத்தில், வெள்ளைக்காரர்களுக்குப் பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கினேன். மூழ்கிய கப்பலிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். கப்பலே மூழ்கியும் விளக்கில் ஒரு நசுங்கல்கூட விழவில்லையா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

எண்ணெய் பீறிவரும் நிப்பிள் அடைத்திருந்தது, அதை ஊசியால் குத்திவிட்டேன். பம்பில் காய்ந்து சுருங்கிப்போன தோல் வாஷரைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டேன். சுடர் பிடிக்கும் வலைப்பையான மேண்டில் விஷயத்தில்தான் என் அவசரபுத்தி என்னைப் படுத்தியது. ஒருமுறை எரிந்துவிட்டால் அது வெறும் சாம்பல் வலை, விரல் பட்டால் போச்சு. எத்தனை மேண்டில்களைத் திட்டித் தீர்த்திருப்பேன்! கடைசியில் ஒரு சாயங்காலம் புஸ்ஸென்று சீறிக்கொண்டு விளக்கு பற்றியது. பால்கனி முழுக்க வெள்ளை வெளிச்சம்.

அதை அப்பா பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. செங்கல்பட்டுப் பக்கம், சொந்த நிலமில்லாமல் கூலிக்குப் போனவர் அவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அடுத்தவர் வீட்டுக் கல்யாண ஊர்வலங்களில் ஊரில் காஸ் லைட் என்று சொல்லும் இதே விளக்கைத் தலையில் சுமந்து நடந்திருக்கிறார். மறுநாள் காலை காகிதப் பொட்டலத்தில் எனக்கு மைசூர்பாகு வரும். அதனால் அந்த விளக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கில் இனிக்கும்.

ஆனால், என்னோடு வந்து தங்கியிருந்த அப்பா, நான் விளக்கை ஏற்றினாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கேட்டால், "கிருஷ்ணாயில் நாத்தம்மா, தல வலிக்குது" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். மகள் ஆசையாகச் செய்ததை ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் என்ன குறைந்துவிடும்? அலமாரியில் விளக்குகள் பெருகின. அவர் ஒன்றைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஒரு ஐப்பசி மழையில் பொழுது சாயும்போதே கரண்ட் போய்விட்டது. வெளியே போக வழியில்லாமல் அப்பா ஹாலில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு வசமாக மாட்டினார் என்று, இருப்பதிலேயே பெரிய விளக்காகப் பார்த்து ஏற்றினேன். எல்லோருக்கும் வெளிச்சம் விழட்டும் என்று அதை ஃபிரிட்ஜ் மேல் வைக்கப் போனேன். கீறல் விழுமே என்று அப்பாவின் பழைய துண்டு ஒன்றை வட்டமாகச் சுருட்டி, அதன்மேல் விளக்கை உட்கார வைத்தேன்.

அப்பா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைச்சுமைக்குச் சும்மாடு சுருட்டுவதும் அப்படித்தான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"அது யாரு தலைம்மா?" என்றார்.

துண்டை உருவி எறிந்துவிட்டு, விளக்கைக் கையில் பிடித்தபடி, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"கீழ வையி" என்றார்.

வைத்தேன். நாற்காலியிலிருந்து இறங்கி, விளக்குக்கு எதிரே தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்.

"தல மேல கீறப்போ ஊருக்கெல்லாம் வெளிச்சம். அடியில கீற டேங்க்கு நெழலு மட்டும் என் கால்ல வுழும். பள்ளமா மேடா ஒண்ணியும் தெரியாது. கல்லுல இடிச்சிக்கினா கூட நிக்க முடியாது. பின்னால ஊர்வலம் வந்துகினு இருக்கும்."

அவருடைய வலது கால் கட்டைவிரலில் நகம் இல்லாததை அன்றுதான் பார்த்தேன். அந்தக் காலோடுதான் எனக்கு மைசூர்பாகு கொண்டுவந்திருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மங்கியது.

"காத்து எறங்கிடுச்சி பாரு, பம்ப் அடி" என்றார்.

அடித்தேன். வெளிச்சம் ஏறியது. அப்பா இரண்டு பாதங்களையும் விளக்குக்குக் கிட்டே நகர்த்தி வைத்துக்கொண்டார்.