சிவப்புக் கோடு போட்ட கற்கள்

குஞ்சம்மாவுக்கு அந்த மலை பிடிபடவே இல்லை. மரம் இல்லை, புல் இல்லை, ஒரு பொட்டு ஈரம் இல்லை. யாரோ லாரி லாரியாகக் கல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, திரும்ப அள்ள வராமல் போய்விட்டதைப் போலக் கிடந்தது. இதைப் பார்க்கவா விடியுமுன்னே எழுப்பிக் காரில் ஏற்றினார்கள் என்று நினைத்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு எதையும் தப்பாகச் சொல்லிவிடக்கூடாது.

மகள் தாரணி ஓமானில் நர்ஸ். மருமகன் புவனேஷுக்கு அங்கேயே எண்ணெய்க் கம்பெனியில் வேலை. லீவு கிடைத்தால் மலை ஏறுவான். மாமியாரை விமானத்தில் வரவழைத்தது ஊர் சுற்றிக் காட்ட மட்டும் இல்லை என்பது குஞ்சம்மாவுக்குத் தெரியும்.

எல்லாம் அந்த பஸ்ஸால் வந்தது. மலேசியாவில், மலாக்கா டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு தன் ஊர் பெம்பானுக்குத் திரும்ப வேண்டியவள், எப்படியோ வேறு பக்கத்தில் இருக்கும் உம்பாய் மீன் கடைகளுக்கு முன்னால் இறங்கி நின்றாள். வெகுநேரம் நின்றாள். பக்கத்து வீட்டு மீனம்மா அன்றைக்கே ஓமானுக்குப் போன் போட்டுவிட்டாள். "இங்க வாங்கம்மா, பேசுவோம்" என்றாள் தாரணி. பேசப்போவது என்ன என்பதில் சந்தேகம் இல்லை: பெம்பான் வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு, இங்கே அவர்களின் ஆறாவது மாடி வீட்டில் வந்து உட்காரச் சொல்வாள்.

அந்த வீடு குஞ்சம்மா சம்பாதித்தது. நியாலாஸ் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் கூலியாட்களின் லயத்து வீட்டில் பிறந்து, உதிரிப் பழம் பொறுக்கி, உரம் போட்டு, புருஷன் மாயாண்டி போய்ச் சேர்ந்த பிறகும் ஒற்றை ஆளாய் நின்று வாங்கிய வீடு. கூட்டுவது, பெருக்குவது, வாசல் கேட்டைச் சாத்துவது எல்லாம் அவள் இஷ்டம். அதனால்தான் மலைக்கு வருகிறீர்களா என்று மருமகன் கேட்டதும் சரி என்றாள். ஒருநாள் முழுக்கத் தடுமாறாமல் நடந்து காட்டினால் மகள் வாயை மூடிவிடலாம்.

நடப்பது பிரச்சினையாகவும் இல்லை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம். நடுவில் ஒற்றையடிப் பாதை. குஞ்சம்மா கீழே பார்க்காமல், முன்னால் போன மருமகனின் கால் சப்பாத்தை மட்டும் பார்த்து நடந்தாள்.

"அத்தை, ஸ்லோவா வாங்கலா! பின்னாடி யாரும் துரத்தல."

"நீங்க நடங்க மாப்பிள்ள. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது."

பாதை முடிகிற இடத்தில் மலைக்குடைவுக்குள் யாரும் இல்லாத கல் வீடுகள் இருந்தன. அங்கே உட்கார்ந்து, தாரணி கட்டிக் கொண்டுவந்த தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக்கைச் சாப்பிட்டார்கள். மகள் தன் முகத்தையே பார்ப்பதைக் குஞ்சம்மா கவனித்தாள். "என்னடி? இன்னைக்கு என்ன கிழமைன்னு கேக்கப் போறியா?" என்றாள். தாரணி சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் தாரணியின் சப்பாத்து அடி பிய்ந்துகொண்டு வாயைப் பிளந்தது. புவனேஷ் குனிந்து டேப் சுற்றினான்.

"நான் மெதுவா முன்னால போறேன்" என்றாள் குஞ்சம்மா.

"வந்த வழியிலயே போங்கம்மா."

"தெரியும்."

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டானது. இடது பக்கம், சாய்ந்து நின்ற பெரிய பாறையின் அடியில் ஒரு வழி. அந்தப் பாறையிலும் அதற்கடுத்த கல்லிலும் சிவப்புப் பெயிண்ட் கோடு. வலது பக்கம் கோடு கீடு எதுவும் இல்லாமல் சுத்தமாக ஒரு வழி. அவள் கால் யோசிக்கவே இல்லை, வலது பக்கம் போனது.

வெகுதூரம் போன பிறகுதான் இரண்டு ஆடுகள் எதிரே நின்று அவளை முறைத்தன. பாதை ஆட்டுக்கால் அகலத்துக்குச் சுருங்கி, ஒரு பாறை விளிம்பில் முடிந்தே போனது. திரும்பினாள். எல்லாக் கல்லும் ஒரே கல்லாக இருந்தது. தோட்டத்தில் வழி தவறினால் மர நிரையைப் பிடித்து நடந்தால் போதும், எப்படியும் சாலைக்கோ வாய்க்காலுக்கோ கொண்டுபோய் விடும். இங்கே எதைப் பிடிப்பது? இந்தக் கல்லைத் தாண்டித்தானே வந்தோம்? இல்லை, அதோ அந்தக் கல்லையா?

அன்றைக்குப் பஸ்ஸில் நடந்ததுதான் திரும்ப நடக்கிறதா என்று நினைத்தாள். தன்னைத்தானே சோதித்துப் பார்த்தாள். லயத்துக் கடைசி வீட்டிலிருந்து வீடு வீடாக ஆட்களின் பெயரைச் சொன்னாள், பிசகாமல் வந்தது. ஆனால் பழசு எல்லாருக்கும்தான் வரும். மீனம்மாவின் மாமியார் சப்பான்காரன் ஆண்ட காலத்தையெல்லாம் ஒப்பித்துவிட்டு, பெற்ற மகனைப் பார்த்து நீ யார் என்று கேட்டவள். சரி, மத்தியானம் என்ன சாப்பிட்டோம்? நாசி லெமாக். சம்பலில் நெத்திலி கருகியிருந்தது. அது நினைவிருக்கிறது. அப்படியானால் வழி ஏன் நினைவில்லை?

"அம்மா!"

குரல் மலையில் மோதி முன்னாலிருந்தும் வந்தது, பின்னாலிருந்தும் வந்தது. இரண்டும் மகளின் குரல்தான். எந்தப் பக்கம் போனாலும் தப்பாகிவிடுமோ என்று பயந்து, குஞ்சம்மா அப்படியே உட்கார்ந்தாள். பேசாமல் இருந்தால் தானாக வழி கண்டுபிடித்து, ஒன்றுமே நடக்காததுபோல் போய் நிற்கலாம். மகள் இன்னொரு முறை கூப்பிட்டாள். இந்த முறை குரல் உடைந்திருந்தது.

குஞ்சம்மா இரண்டு கையையும் வாயில் குவித்து, தோட்டத்தில் அடுத்த நிரை ஆளுக்குக் கொடுக்கிற குரலைக் கொடுத்தாள். "ஊ...ய்!"

முதலில் வந்தவன் புவனேஷ். பின்னாலேயே தாரணி, பிய்ந்த சப்பாத்தோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வழி காட்ட கல்லு கல்லா பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்குலா! சின்னப் பிள்ளைகூட பார்த்து நடக்கும். இங்க எப்படிம்மா வந்தீங்க?"

"பெயிண்ட் அடிச்சிருக்கவும்தான் அந்தப் பக்கம் போகல."

"என்னது?"

"செவப்பு அடிச்ச எடத்துக்கு எவளாச்சும் போவாளாடி?"

புவனேஷ் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தான். அவன் மலாக்கா டவுன் பிள்ளை. செம்பனையைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. தாரணிதான் விளக்கினாள், ஒவ்வொரு வார்த்தையாக, தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல: "தோட்டத்துல அடி அழுகுன மரத்துக்கு, வேலை வாங்குற மண்டோர் செவப்பு பெயிண்ட் அடிப்பாரு. எப்ப சாயும்னு தெரியாது. சின்னதுல அப்படி ஒரு மரத்தடியில நின்னதுக்கு அம்மா என் முதுகைப் பழுக்க வெச்சிருக்காங்க."

"அப்ப காலைல எப்படி அத்தை சரியா வந்தீங்க?"

"உங்க சப்பாத்தைப் பார்த்துக்கிட்டு வந்தேன். கல்லை எவ பார்த்தா?"

புவனேஷ் வெடித்துச் சிரித்தான். தாரணிக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு சேர்ந்து. குஞ்சம்மாவுக்கு மூச்சு இறங்கியது. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

தாரணி மூக்கை உறிஞ்சினாள். "அப்ப உம்பாய்?"

ஒரு பொய் போதும். பஸ்ஸில் தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம், மீன் வாங்க நினைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். மகள் இப்போது எதைச் சொன்னாலும் நம்புவாள். குஞ்சம்மா அந்த நாளை மறுபடி ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். ஏறியது இருந்தது, இறங்கியது இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

"அது தெரியலடி" என்றாள். "எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன். உண்மையாவே தெரியல."

தாரணி அம்மாவின் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள். ஆடுகள் நகர்ந்து வழிவிட்டன. "ஊருக்கு நானும் கூட வரேன்" என்றாள் கடைசியில். "டாக்டர்கிட்ட காட்டுவோம். அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டுப் பேசுவோம்."

"வீட்டுச் சாவி?"

"இப்ப யாரு கேட்டா உங்க சாவிய? உங்ககிட்டயே இருக்கட்டும்."

பாதை பிரிந்த இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். "முன்னால நடங்கம்மா, நான் பின்னால வரேன்" என்றாள் தாரணி. குஞ்சம்மா சாய்ந்த பாறையை நிமிர்ந்து பார்த்தாள். அது விழுகிற மாதிரிதான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு அதன் அடியில் புகுந்தாள். அடுத்த சிவப்புக் கோட்டைத் தேடினாள், கண்டதும் கால் ஒருமுறை பின்வாங்கியது, பிறகு நடந்தது. அதற்கடுத்த கோட்டிலும் அப்படியேதான்.