லிஃப்ட் கதவுக்கு வெளியே ஒரு கமென்ட்ரி

போன வருடம் கோடைக்காலத்தில், பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் நான் வாட்ச்மேனாக இருக்கும் அபார்ட்மென்டில் நடந்தது இது. எனக்கு வயது நாற்பத்தெட்டு. பத்தாவது வரை படித்தவன். கூச்சம் அதிகம். யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச வராது.

அன்று மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் பழுது. மூன்றாவது மாடியில் யாரோ லிஃப்ட் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு ஓடினேன். உள்ளே மாட்டியிருந்தவர், எங்கள் அபார்ட்மென்டில் நான்கு வீடுகளுக்குச் சமைக்கும் அக்கா. நீலசந்திராவிலிருந்து வருபவர். கிரிக்கெட் பைத்தியம். மேட்ச் நாளில் போனில் கமென்ட்ரி ஓடாமல் வெங்காயம்கூட நறுக்க மாட்டார்.

"அண்ணா, ஒரே இருட்டா இருக்கு. போன் வேற செத்துப்போச்சு. எப்ப தொறப்பாங்க?"

லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வர அரை மணிக்கு மேல் ஆகும் என்றார். அதைச் சொன்னால் அக்கா இன்னும் பத்துக் கேள்வி கேட்பார். பேச்சை முடிக்கத்தான் இப்படிச் சொன்னேன்: "வந்துட்டாருக்கா. ரெண்டே நிமிஷம்."

பிறகு பேசாமல் நின்றேன்.

"இருக்கியாண்ணா? மியூட்ல போட்ட டிவி மாதிரி நின்னா நான் என்னன்னு நெனைக்கிறது?"

"இருக்கேன்க்கா. கேட்டுக்குள்ள வந்துட்டாரு. படி ஏறுறாரு."

பத்து நிமிடம் போனது. என் போன் அடித்தது. அது ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். "அண்ணா, இன்னூ பொம்மனஹள்ளி சிக்னலல்லே இதீனி, ஃபுல் ஜாம்" என்று மெக்கானிக் கன்னடத்தில் கத்தினார். இன்னும் சிக்னலையே தாண்டவில்லையாம். அக்காவுக்கும் கன்னடம் தெரியும்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் நடுங்கி வந்தது.

"கமென்ட்ரி சொல்றவன் விக்கெட் விழுந்தாத்தான் விழுந்துச்சுன்னு சொல்வான். அவன் கண்ண நம்பித்தான் நான் அடுப்பு முன்னாடி நிக்கிறேன். நீ என்னடான்னா, பந்தே போடாம அவுட்டுங்கற. இனிமே உன்ன நம்பி நான் உள்ள இருக்க மாட்டேன்."

எதையோ நெம்பும் சத்தம் கேட்டது. கதவு கிரீச்சென்று விலகியது. லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே, அதன் தரை என் இடுப்பு உயரத்தில் நின்றிருந்தது. அக்கா முகமெல்லாம் வியர்வையோடு விளிம்பில் உட்கார்ந்து, காலை வெளியே தொங்கப்போட்டார். குதிக்கப் போகிறார். அவர் காலுக்குப் பின்னால், லிஃப்டுக்கு அடியில் பெரிய இடைவெளி. குதிக்கும்போது கால் வழுக்கிப் பின்னால் சரிந்தால் நேரே கீழே, மூன்று மாடி ஆழம். மேலே இருந்த அவருக்கு அது தெரியவில்லை.

"ஒண்ணும் ஆகாதுக்கா, உள்ள போங்க."

"உன் பேச்சே வேணாம். தள்ளு."

என்ன சொன்னால் நம்புவார்? கண்ணில் பட்டதை அப்படியே சொல்ல ஆரம்பித்தேன்.

"அக்கா, நான் பாக்குறத மட்டும் சொல்றேன். உங்க காலுக்குப் பின்னால செவுரு இல்ல. லிஃப்டுக்கு அடியில ஒரு ஆள் போற அளவுக்கு ஓட்டை. உள்ள ரெண்டு வயர் தொங்குது. அதுக்குக் கீழ இருட்டு. தரை தெரியல."

"நெசமாவா?"

"நெசம். மெக்கானிக் வரலங்கறதும் நெசம். இன்னும் இருபது நிமிஷமாவது ஆகும். முன்ன சொன்னது அத்தனையும் பொய்."

என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு காலை மெதுவாக உள்ளே இழுத்தார். அப்புறம் இன்னொரு காலை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "அப்ப பேசு. நிறுத்தாத" என்றார்.

படிக்கட்டு ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினேன். வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை.

"இன்னும் வரல. ரோட்ல ஒரு தண்ணி லாரி போகுது. எதிர்வீட்டு நாய் படியில வந்து உக்காந்திருக்கு. உங்களத்தான் பாக்குது."

"அது எந்த டீமாம்?"

"தெரியலக்கா. இன்னும் வரல."

ஒருவழியாகக் கேட் திறந்தது. "வந்துட்டாருக்கா."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன். நீலச் சட்டை. ஹெல்மெட்டக்கூடக் கழட்டாம ஓடி வர்றாரு."

மெக்கானிக் மொட்டை மாடிக்குப் போய் லிஃப்ட் மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்ற, லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. தரை சமமான பிறகுதான் அக்கா காலை வெளியே வைத்தார். படியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துவிட்டு, "கமென்ட்ரி சுமார்தான். பாஸ் பண்ணிட்ட" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

வர்ணனையாளர் என்றால் வாய் ஓயாமல், அழகாகப் பேசத் தெரிந்தவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பார்க்க முடியாத இடத்தில் இருப்பவருக்குக் கண்ணாக இருப்பவர் அவர் என்பது எனக்கு அந்தக் கதவடியில்தான் புரிந்தது. கரண்ட் போனதால் அக்கா இருட்டில் இருந்தார். நான் சொன்ன பொய்யால்தான் அந்த இருட்டில் தனியாக இருந்தார் என்று நினைக்கும்போது, இன்றும் என் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.