பதினோரு மாட்டுப்பற்கள்

சாணியைக் கழுவியபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். பொருள், எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு. அதைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை, கண்ணாடி போதும். என் முன்பற்கள் இரண்டும் காவி. பள்ளியில் படிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினேன். இன்றைக்கும் கை தானாக மேலே போகிறது.

குழந்தைகளின் பாற்பல்லை மெல்லிசாக அறுத்து, எந்த அடுக்கில் எவ்வளவு ஃபுளோரைடு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வெங்காயம் மாதிரி பல்லுக்கும் அடுக்கு உண்டு. அதைப் பார்க்கும் கருவி எங்கள் கல்லூரியில் கனவிலும் கிடையாது. வேறு மாநிலத்தில் ஓர் ஆய்வு மையத்தில் இருக்கிறது. நாட்டிலுள்ள எல்லாருக்கும் பொதுவான கருவி அது. என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்யப்போகிறோம் என்று திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பிடித்திருந்தால் சில மணி நேரம் கருவியை நம் கையில் தருவார்கள். வருடத்துக்கு இரண்டு முறைதான் விண்ணப்பம் கேட்பார்கள்.

பல்லுக்கு எங்கே போவது? காலையில் காரிமங்கலத்தில் நான் ஏறும் பேருந்தில் ஓர் அக்கா வருவார். பாலக்கோடு தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. அவருக்கு இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். பாற்பல் விழுந்து புதுப்பல் வந்துகொண்டிருந்த சமயம்.

"மொளைக்கும்போதே துருப்பிடிச்சு மொளைக்குதுங்க மேடம்" என்றார் ஒரு நாள். "ஊருக்குள்ள குழா தண்ணி வருது. ஊருக்கு வெளிய இருக்கிற எங்க கொட்டாய்க்கு வர்றதில்ல. நாங்க ஒரு இருவது வூடு இருக்கோம், எல்லாருக்கும் போர் தண்ணிதான். மனு குடுத்தா, புள்ளைங்களுக்குப் பல்லு வெளக்கப் பழக்குங்கன்னு சொல்றாங்க. வெளக்காமயா இருக்குது?"

நான் என் ஆராய்ச்சியைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்தத் தண்ணியாலதான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா? அத வெச்சு மனு குடுத்தா குழா போடுவாங்கல்ல?"

தருகிறேன் என்றேன். அப்படியானால் கொட்டாயில் விழுகிற பல்லையெல்லாம் சேர்த்துத் தருவதாக அவரும் சொன்னார். இறங்கும்போது திரும்பி, "வேலை முடிஞ்சதும் பல்லத் திருப்பிக் குடுத்துருங்க. கூரை மேல போடணும். போடலைன்னா அடுத்த பல்லு சரியா மொளைக்காதும்பாங்க" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து ஓர் ஊறுகாய் பாட்டிலை என் மடியில் வைத்தார். உள்ளே பதினோரு சாணி உருண்டைகள், காய்ந்து உருண்டு கிடந்தன. பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிவதுதானே வழக்கம். எறிவதை மட்டும்தான் நான் வேண்டாம் என்றிருந்தேன். சாணி வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? தப்பு என்னுடையது. ஓர் உருண்டையில் மட்டும் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"அது எம்புள்ளைது" என்றார் அக்கா. "அடையாளத்துக்கு."

இரண்டு மதியங்கள் உட்கார்ந்து ஊறவைத்துக் கழுவினேன். அறுத்து உள் அடுக்கைப் பார்க்கப் போவதால் மேலே பட்ட சாணியால் கெடுதல் இல்லை. பதினோரு பற்களும் வெளியே வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. சிவப்பு நூலையும் அந்தப் பல்லின் குப்பியிலேயே சுற்றி வைத்தேன்.

இனிமேல்தான் அருவருப்பு.

விண்ணப்பத்தில் முதன்மை ஆய்வாளர் என்று நிரந்தரப் பணியில் இருப்பவரின் பெயர்தான் வர வேண்டும். ஆகவே துறைத்தலைவரிடம் போனேன். ஆய்வகத்துக்கு ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வருகிறவர், அன்று முதல் தினமும் என் மேசைக்கு வந்தார். நான் எழுதியிருந்த நான்கு பக்கத்தையும் வாங்கிக்கொண்டு போய் ஒப்பனை செய்து கொண்டுவந்தார். எங்கே பார்த்தாலும் 'புதுமையான', 'உலகத்தரம் வாய்ந்த', 'பன்முகத்தன்மை கொண்ட'. கொட்டாயையும் காணோம், போர் தண்ணீரையும் காணோம். திருப்பித் திருப்பிப் படித்தேன், ஒரு பல்கூடத் தட்டுப்படவில்லை. அவர் புகைப்படம் மட்டும் புதிதாக, கோட்டு போட்டுக்கொண்டு ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாதியையாவது பழையபடி மாற்றினேன்.

கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மதியம் உட்கார்ந்து கணினியில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினோம். மாதிரி மனித உடலிலிருந்து எடுத்ததா என்று ஒரு கட்டம். ஆம் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தை இணைக்கச் சொன்னது.

"நம்ம காலேஜ்ல ஏதும்மா கமிட்டி?" என்றார் துறைத்தலைவர்.

"வெளிய ஒரு மெடிக்கல் காலேஜ்ல கேக்கலாம் சார். ரெண்டு மாசம் ஆகும்."

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு முடியுது, ரெண்டு மாசம்ங்கிறீங்க. மாட்டுப்பல்லுன்னு போடுங்க."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"மாட்டுக்கு யாரு கமிட்டி கேக்கப் போறான்? ஏம்மா, மாடும் அதே தண்ணியதான குடிக்குது?" சிரித்தார். "சாணில சுத்தித்தான வந்துச்சு? பாதி மாட்டுப்பல்லு ஆயிருச்சு, போடுங்க."

எழுந்து போயிருக்கலாம். ஆறு மாதம் கழித்து, அனுமதி வாங்கிக்கொண்டு, நேர்மையாக விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் என் முனைவர் பட்டக் கெடு அந்த வருடத்தோடு முடிகிறது. அந்த ஆள் மேல் எனக்கு வந்த குமட்டலில் சத்தியமாகச் சொல்கிறேன், பாதி என் மேல் வந்தது. தட்டினேன். ஆங்கிலத்தில் மாட்டைக் குறிக்க மரியாதையான ஒரு சொல் இருக்கிறது. அதைப் போட்டதும் பொய்கூடப் படித்த பொய் ஆகிவிட்டது.

ஒரு சொல்லை ஒரே தட்டில் எல்லா இடத்திலும் மாற்றும் வசதி கணினியில் உண்டே, குழந்தைகளை அப்படியே மாடுகளாக மாற்றினேன். பிறகு படித்துப் பார்த்தால், 'பள்ளிக்குச் செல்லும் மாடுகளிடையே இப்பாதிப்பு பரவலாக உள்ளது' என்று நின்றது. துறைத்தலைவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், வாயைப் பொத்திக்கொண்டு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் துப்பத் தோன்றுகிறது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. சோதனை முடிந்ததும் மாதிரிகளைத் திருப்பி எடுத்துச் செல்கிறீர்களா, அங்கேயே அழித்துவிடலாமா என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. திருப்பி எடுப்பதென்றால் இன்னொரு படிவம் நிரப்ப வேண்டும். அவர் அப்போது தேநீர் குடிக்கப் போயிருந்தார். நான் 'அழித்துவிடலாம்' என்பதில் டிக் அடித்து, அனுப்பிவிட்டேன்.

தேர்வாகிவிட்டது. கால்நடை நலனில் கிராமப்புறக் கல்லூரி ஒன்று காட்டும் அக்கறையைப் பாராட்டி ஒரு வரி வேறு எழுதியிருந்தார்கள். துறைத்தலைவரும் உடன் வந்தார். கருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு விருந்தினர் விடுதிக்குப் போய்விட்டார். நான் பற்களை அறுத்துக் கொடுத்து, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றிலும் ஃபுளோரைடு அப்பட்டமாகத் தெரிந்தது. நான் எதைக் காட்ட நினைத்தேனோ அதுவே தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? அறிக்கையில் அது மாட்டுக்கு வந்த கேடு.

ஊருக்கு வந்ததும் அக்காவிடம் அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். இதைவிட ஈனமான காரியம் நான் செய்ததில்லை. அவருக்கு ஆங்கிலம் வராது, கொட்டாயின் பெயர் இருக்கிறது, ஃபுளோரைடு இருக்கிறது, மனுவோடு வைத்தால் யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் காகிதத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மடக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பேருந்தில் ஏறியவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"மனு குடுத்த ஆபீசுல படிச்சுப் பாத்துட்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்க மேடம். வரிசைல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் சண்டை போட்டேன், இல்லீங்க, எம்புள்ள பல்லுதான், நானே என் கையால குடுத்தேன்னு. அதுல மாடுன்னு போட்டிருக்குன்னு அந்த ஆபீசர் விரல் வெச்சுக் காட்டுறாரு. உங்களுக்குத் தெரியாம யாரோ மாத்திட்டாங்கல்ல?"

எனக்குப் பாதை போட்டுக் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், பழி முழுதும் துறைத்தலைவர் தலையில் விழுந்திருக்கும். அவருக்கு அது வேண்டும்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் என்னால் முடியவில்லை.

"நான்தாங்க்கா எழுதுனேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார்.

"சரி, போகட்டும். பல்லக் குடுங்க. செவப்பு நூலு கட்டுனது. கூரை மேலயாச்சும் போடுறேன்."

நீட்டிய கை அப்படியே இருந்தது. தக்காளிக் காம்பின் பச்சைக் கறை விரலெல்லாம் ஏறியிருந்தது.

"பேப்பர்லயும் போடல, கூரைலயும் போடலைன்னா, எம்புள்ள பல்லு எங்கதாங்க போச்சு?"

'அழித்துவிடலாம்' என்ற அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் கை அதற்குள் மேலே போய் அதைப் பொத்திக்கொண்டது.