வாக்கெடுப்பு நாளில் கட்டிய பை

செயின்ட்-மிஷேலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் பனி வலுக்கிறது. எதிரே இருக்கும் மூலைக்கடைக்குள் ஒதுங்குகிறேன். கல்லாவுக்குப் பின்னால் நீலநிறக் கியூபெக் கொடி. கடைக்கார அக்கா திருகோணமலைக்காரர். கியூபெக் தனிநாடாகப் பிரிய வேண்டும் என்கிறார்.

"அடைக்கலம் தந்த கனடாவை உடைக்கலாமா அக்கா?" கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. "முப்பது வருசத்துக்கு முந்தின வாக்கெடுப்பில நானும் வேண்டாம் எண்டுதான் போட்டனான் தம்பி. பயம். ஊரில தனிநாடு கேட்டதுக்கு என்ர அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். திரும்பி வரேல்லை. இஞ்ச வாக்கெடுப்பு நடந்த அண்டைக்குப் பிள்ளையளைப் பள்ளிக்கு விடேல்லை. பாஸ்போட், அரிசி எல்லாம் பையில கட்டி வைச்சிட்டு, காலில சப்பாத்தைப் போட்டபடியே படுத்தனாங்கள். விடியக் கடையைத் திறக்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனிசி வாறா. பிரியவேணும் எண்டு போட்டுத் தோத்தவ. அழுது கண் வீங்கியிருக்கு. பொன்ஜூர் சொல்லிப் பால் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனா. தனிநாடு கேட்டவையை இஞ்ச ஒருத்தரும் கொல்லேல்லை. அடுத்தமுறை நானும் அவவோட சேர்ந்துதான் போடுவன்."

"அந்தப் பை?"

கல்லாவுக்கடியில் எதையோ காலால் உள்ளே தள்ளுகிறார்.

"இருக்கு. அரிசியை மட்டும் வருசா வருசம் மாத்துறன்."